மச்சானின் வண்டிக்கு வைத்த வெள்ளை விளக்கு

என் கடையின் மேல்தட்டில், பழைய ரிலேக்களும் கருகிய ஃபியூஸ்களும் போட்டு வைத்திருக்கும் டப்பாவுக்குப் பின்னால், ஒரு சிறிய தோல் பொட்டலம் நான்கு வருடங்களுக்கு மேல் கிடந்தது. ஷூவின் உள்பக்கம் வைத்து ஒட்டுகிற மெல்லிய ஆட்டுத்தோல், வெட்டி மீந்த துண்டு. ஆம்பூர்ப் பக்கம் அந்தத் துண்டு இல்லாத வீடு கிடையாது. சூடான பாத்திரம் இறக்கவும் வண்டிக் கண்ணாடி துடைக்கவும் அதைத்தான் தேடுவார்கள். இந்தப் பொட்டலத்தைப் பிரித்தால் உள்ளே இரண்டு ஹாலஜன் பல்புகள் இருக்கும். ஹாலஜன் பல்பின் கண்ணாடியில் விரல் படக் கூடாது. விரலின் பிசுக்கு ஒட்டிய இடம் அதிகமாகச் சூடேறி பல்பு சீக்கிரம் போய்விடும். இதை நான் எத்தனையோ டிரைவர்களிடம் சொல்லியிருக்கிறேன், எல்லோரும் தலையை ஆட்டிவிட்டு வெறுங்கையால்தான் பிடிப்பார்கள். என் மச்சான் ஒருவர்தான் அதைக் காதில் வாங்கிக்கொண்டவர். கழற்றிய பல்புகளை அடிப்பக்கமாகப் பிடித்து, அந்தத் தோலில் வைத்துச் சுற்றி, ரப்பர் பேண்ட் போட்டு என் கையில் கொடுத்தார். “பத்திரமா வை மாப்ள, எப்பனா தேவைப்படும்” என்றார்.

அவர் என் மனைவியின் கூடப் பிறந்த அண்ணன். என்னைவிட ஆறு வயது மூத்தவர். நான் ஆம்பூர் பைபாஸ் ஓரம் வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன், அவர் வண்டி ஓட்டுகிறவர் என்பதால் கல்யாணத்துக்கு முன்பே எங்களுக்குள் பழக்கம் உண்டு. நான் பெண் பார்க்கப் போன அன்றே, “பேட்டரிக்கு டிஸ்டில் வாட்டர் ஊத்தறவன்னு தெரியாம காபி குடுத்துட்டோமே” என்று எல்லோர் முன்னாலும் கிண்டல் செய்தார். இன்று அவருக்குப் பார்வை இல்லை. ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது பகலில் தெரியும், அவ்வளவுதான். அவருடைய பார்வை கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்த அந்த ஒரு வருடமும் அவர் வண்டிக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுத்துக்கொண்டே இருந்தவன் நான். இது உன் தப்பு என்று யாரும் என்னிடம் சொன்னதில்லை. யாராவது சொல்லியிருந்தால் மறுத்துப் பேசியாவது எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும்.

அவர் வண்டி ஏழு பேர் உட்காரும் பழைய வண்டி. அதில் ஒன்பது பெண்களை ஏற்றுவார். மாதனூரிலிருந்து உள்ளே போகும் கிராமங்களுக்கு ஷூ கம்பெனி பஸ் வராது; மெயின் ரோட்டோடு நின்றுவிடும். அங்கே வந்து சேர கரும்புத் தோட்டத்தையும் ஓடைப் பாலத்தையும் தாண்டி நடக்க வேண்டும். மார்கழியில் காலை ஆறு மணிக்கு அங்கே ஆள் முகம் தெரியாது. சாயந்தரம் வேலை முடிந்து வரும்போதும் இருட்டிவிடும். வயசுப் பெண்களை அந்த வழியில் தனியாக அனுப்ப மாட்டோம் என்று வீடுகளில் பிடிவாதமாக இருந்த காலத்தில், மச்சான் போய் ஒவ்வொரு வீட்டிலும் பேசி, வாசலில் ஏற்றி கம்பெனி கேட்டில் இறக்குவது என் பொறுப்பு என்று சொல்லித் தொடங்கிய ட்ரிப் அது. ஒன்பது பேரும் அவரை அண்ணா என்பார்கள். அந்த வண்டி நின்றால் அவர்கள் வேலையும் நின்றது என்றுதான் அர்த்தம். பின்னால் நடந்ததற்கெல்லாம் இது முக்கியம், அதனால் சொல்கிறேன்.

ஒரு ஐப்பசி மாதம் அவர் கடைக்கு வந்து, “மாப்ள, லைட்டு வெளிச்சம் பத்தல. ரோடே தெரியல” என்றார். பழைய வண்டிகளில் இது சாதாரணம். பேட்டரியிலிருந்து மின்சாரம் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்சுக்குப் போய், அங்கிருந்து மெல்லிய ஒயரில் சுற்றிக்கொண்டு பல்புக்கு வந்து சேரும். வருகிற வழியிலேயே பாதி தெம்பு போய்விடும். மீட்டர் வைத்துப் பார்த்தேன். என்ஜின் ஓடும்போது பேட்டரியில் பதினான்கு வோல்ட், பல்பில் பதினொன்றுகூட முழுதாக இல்லை. பேட்டரி நன்றாக இருக்கிறது, பல்பும் நன்றாக இருக்கிறது, நடுவில் இருக்கிற ஒயர்தான் வெளிச்சத்தைத் தின்கிறது என்று அவருக்கு விளக்கினேன். சுவிட்சின் வேலையைப் பேட்டரிக்குப் பக்கத்திலேயே செய்கிற ரிலே இரண்டு வைத்து, பேட்டரியிலிருந்து நேராகத் தடித்த ஒயர் இழுத்து, நடுவில் ஃபியூஸ் போட்டுக் கொடுத்தேன். பல்பில் பதின்மூன்றரை வந்தது. என் தொழிலில் எனக்குப் பிடித்த வேலை இதுதான். கூடுதலாக எதுவும் வாங்காமல், இருக்கிற பல்பே புதிது மாதிரி எரியும்.

என் கடைக்கு எதிரே ஒரு தோல் குடோனின் காம்பவுண்டு சுவர் இருக்கிறது. வெள்ளையடித்த நீளச் சுவர். அதில் கரியால் இரண்டு சிலுவைக் குறி போட்டு வைத்திருக்கிறேன்; விளக்குகளின் மட்டம் பார்க்க அதுதான் என் அளவுகோல். அன்று விளக்கு வைக்கிற நேரத்தில் வண்டியைச் சுவருக்கு நேராக நிறுத்தி, மச்சானை ஸ்டியரிங்கில் உட்கார வைத்து, விளக்கைப் போடச் சொன்னேன். சுவர் முழுக்கப் பளிச்சென்று ஆனது. நான் திருப்தியாக நின்றேன். அவர், “இந்த லெப்ட் மூல இருட்டா இருக்குதே” என்றார். இடது விளக்கின் ஸ்குருவைத் திருகி இன்னும் வெளியே தள்ளினேன். அப்போதும் இருட்டு என்றார். எந்த இடம் என்று காட்டுவதற்காக நானே சுவருக்குப் போய் இடது குறிக்குப் பக்கத்தில் நின்று கையை ஆட்டினேன். என் நிழல் சுவரில் ஆள் உயரத்துக்கு மேல் விழுந்திருந்தது. வண்டிக்குள்ளிருந்து மச்சான், “எங்க போய்ட்ட மாப்ள?” என்று குரல் கொடுத்தார். நான் சிரித்தேன். கறுப்பாக இருக்கிறவனை வெளிச்சத்தில் தேடுகிறாராம், வழக்கமான கிண்டல் என்று நினைத்தேன். “இங்கதான் மச்சான், சுவத்துல ஒட்டினு இருக்கறேன்” என்று பதிலுக்கு நானும் கிண்டல் செய்துவிட்டு வந்து டீ சொன்னேன். அந்தச் சிரிப்பு மட்டும் இன்னும் எனக்குச் செரிக்கவில்லை.

பத்து நாள் கழித்து மறுபடியும் வந்தார். ஜெனான் வைத்துக் கொடு என்றார். அப்போது வேலூர்க் கடைகளில் அந்தப் பெட்டி தாராளமாகக் கிடைத்தது. சத்துவாச்சாரியில் ஒரு டாக்டரின் காரில் அவர் அதைப் பார்த்திருக்கிறார். பகல் மாதிரி இருந்தது என்றார். நான் எடுத்துச் சொன்னேன். ஜெனான் பல்பில் கம்பியே கிடையாது, உள்ளே வாயுவில் பொறி வைத்து எரிய வைப்பது. அந்தப் பொறிக்கு ஒரு நொடி இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் வேண்டும், அதற்குத் தனியாக ஒரு பெட்டி. அதில் தண்ணீர் இறங்கினால் போச்சு. அதைவிடப் பெரிய தொல்லை, உங்கள் வண்டியின் விளக்குக் கிண்ணம் ஹாலஜனுக்காகச் செய்தது, அதில் இதை மாட்டினால் வெளிச்சம் கட்டுப்படாமல் எதிரே வருகிறவன் கண்ணில் அடிக்கும், அவன் எங்காவது போய் விழுவான் என்றேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவர், “எதிர்ல வர்றவன் கண்ண பத்தி பேசறியே, என் கண்ணுக்கு ரோடு தெரியல மாப்ள. ஒம்போது பொம்பள புள்ளைங்கள வெச்சினு ஓட்றேன்” என்றார். தெரியவில்லை என்று இதைவிட நேராக ஒரு மனிதன் சொல்ல முடியாது. என் காதில் அது விளக்கைப் பற்றிய புகாராகத்தான் விழுந்தது. தொழில் செய்கிறவனின் காது அப்படி. எது வந்தாலும் தனக்குத் தெரிந்த பழுதாகத்தான் கேட்கும்.

வைத்துக் கொடுத்தேன். அரைகுறையாக அல்ல, என் மனசுக்குத் தெரிந்தவரை ஒழுங்காக. பெட்டிகளை என்ஜின் சூடு படாத இடத்தில் சாய்வாக மாட்டி, ரப்பர் வைத்து அடைத்து, எர்த் ஒயரைப் பெயிண்ட் சுரண்டிய இரும்பில் முடுக்கினேன். ஃபியூஸ் பெட்டி டேஷ்போர்டு டப்பாவுக்குப் பின்னால் இருந்தது. அதைத் தொட வேண்டுமென்றால் டப்பாவிலிருக்கும் சாமானை எடுக்க வேண்டும். ஆர்.சி. புத்தகம், சாமி படம், ஒரு சீப்பு, கண்ணுக்கு விடுகிற சொட்டு மருந்து ஒரு சின்ன பாட்டில். ஒவ்வொரு முறை அந்த வண்டியில் வேலை செய்யும்போதும் அந்த பாட்டிலை எடுத்துச் சீட்டில் வைத்துவிட்டுத்தான் ஃபியூஸைத் தொட்டிருக்கிறேன். மச்சான் டிரைவராவதற்கு முன் பன்னிரண்டு வருடம் டேனரியில் தோலைச் சுண்ணாம்பில் ஊறவைக்கிற வேலையில் இருந்தவர். அந்த நெடியில் கண் எப்போதும் சிவந்திருக்கும், எரியும். அப்போது யாரோ சொல்லி மெடிக்கல் ஷாப்பில் வாங்க ஆரம்பித்த சொட்டு அது. டாக்டர் சீட்டு வேண்டாம், காலி பாட்டிலைக் காட்டினால் கொடுத்துவிடுவார்கள். “உட்டா ஜில்லுன்னு இருக்கும் மாப்ள, ஒரு நிமிசத்துல செகப்பு போய்டும்” என்று எனக்கே ஒரு முறை விடப் பார்த்தார். ஓட்ட உட்காரும் முன் சாமி கும்பிடுவது மாதிரி, தலையை அண்ணாந்து கண்ணுக்கு ஒரு சொட்டு விடுவார்.

அந்த வெள்ளிக்கிழமை ஒன்பது பெண்களும் சேர்ந்து வண்டிக்குப் பூஜை போட்டார்கள். விளக்குகளுக்குக் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தார்கள். சுவிட்சைப் போட்டதும் இரண்டு விளக்கும் முதலில் நீலமாகத் துடித்து, பிறகு மெல்ல வெளுத்து, கரும்புத் தோகை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிய எரிந்தன. மச்சான் முகத்தில் அன்றிருந்த சந்தோஷத்தை நான் பார்த்தேன். என் தோளில் ஓங்கித் தட்டினார். பல்பு சுற்ற அந்தத் தோல் துண்டைக் கொடுத்ததுகூட அன்றைக்கு அங்கே இருந்த முன்சீட்டு அக்காதான்.

முன்சீட்டு அக்கா என்பது அவருக்கு நாங்கள் வைத்த பெயர். தையல் பிரிவில் மூத்தவர், நாற்பது வயதுக்கு மேல். எப்போதும் டிரைவர் பக்கத்து சீட்டில்தான் உட்காருவார். வாய் ஓயாது. ஒருநாள் கடைக்கு வர வண்டி இல்லாமல் நானும் அவர்களோடு ஏறி வந்தேன். வழியெல்லாம் அவர், “அண்ணா, லெப்ட்ல சைக்கிள் போது”, “அண்ணா, மாடு நிக்குது பாரு”, “பள்ளம் வருதுண்ணா, மெல்ல” என்று சொல்லிக்கொண்டே வந்தார். “இவரு டிரைவரா, நீ டிரைவரா அக்கா?” என்று கேட்டேன். பின்னால் எட்டு பேரும் சிரிக்கவில்லை. அது எனக்கு அப்போது விநோதமாகப் பட்டதே தவிர, ஏன் என்று கேட்கத் தோன்றவில்லை. அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வாயைத் திறந்து யாரும் சொல்லவில்லை. சொன்னால் அண்ணன் வண்டி நிற்கும், மறுநாளிலிருந்து கரும்புத் தோட்டத்தில் நடக்க வேண்டும், இல்லையென்றால் வீட்டில் உட்கார வேண்டும். அந்த அக்கா தன் கண்ணை அவருக்குக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார். நான் விளக்கைக் கொடுத்தேன். மெடிக்கல் ஷாப் சொட்டு மருந்தைக் கொடுத்தது. ஆளாளுக்கு அவருக்கு உதவி செய்து அவரை ஓட விட்டோம்.

ஒரே ஒரு ஆள் சரியாகச் சொன்னாள், என் மனைவி. பொங்கலுக்கு மறுநாள் எங்கள் வீட்டில் சாப்பிடும்போது மச்சான் இடது பக்கம் வைத்திருந்த தண்ணீர் டம்ளரை இரண்டு முறை தட்டிவிட்டார். அவர் போன பிறகு, “இன்னாங்க, அண்ணனுக்கு சைடுல இருக்கறது தெரியல. நீங்க கூட்டினு போய் கண்ண காட்டுங்க” என்றாள். “அதெல்லாம் ஒண்ணுமில்ல, ரெண்டு நாளா தூக்கம் கம்மி அவருக்கு” என்றேன். அவள் ஒரு வாரம் விடாமல் சொன்னாள். மச்சானிடம் கேட்டேன். “கண்ணாடி போட்டா டிரைவர்னு எவன் மதிப்பான்? அவள பேஜார் பண்ணாம இருக்க சொல்லு” என்று சிரித்தார். அண்ணன் தங்கைக்கு நடுவில் நமக்கென்ன என்று விட்டுவிட்டேன். இதை எழுதும்போதும் அவள் உள்ளே சமைத்துக்கொண்டிருக்கிறாள். அந்தப் பேச்சை அவள் அதற்குப் பிறகு ஒரு தடவைகூட எடுத்ததில்லை.

அடுத்த ஐப்பசியில் வண்டிக்கு எஃப்.சி. வந்தது. வண்டி ஓட லாயக்கா என்று ஆர்.டி.ஓ. ஆபீசில் காட்டிச் சான்று வாங்க வேண்டும். கம்பெனி வைத்த விளக்கு இல்லையென்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். இதற்கு இந்தப் பக்கம் எல்லோரும் ஒரு வழி வைத்திருக்கிறோம்: காட்டப் போகும் முன் ஜெனானைக் கழற்றி ஹாலஜனை மாட்டிக்கொண்டு போவது, சான்று வாங்கியதும் பழையபடி மாட்டிக்கொள்வது. தோல் பொட்டலத்தைப் பிரித்து ஹாலஜனை மாட்டினேன். எஃப்.சி. ஆனது. ஆனால் அங்கே தாமதமாகிவிட்டதால் நேராகக் கம்பெனிக்குப் போய்ப் பெண்களை ஏற்றிக்கொண்டு, ஹாலஜனிலேயே ஊருக்குப் போய்விட்டார். ஓடைப் பாலத்துக்கு முன்னால் இடது பக்கம் இருந்த கரண்டுக் கம்பத்தில் வண்டியின் சைடு கண்ணாடியும் கதவும் உரசித் தேய்ந்துபோயின. யாருக்கும் அடியில்லை. மறுநாள் விடிந்ததும் வந்து, “பாத்தியா மாப்ள? அந்த பல்புல இதான் லட்சணம்” என்றார். எனக்கு அது பெரிய நிரூபணமாகப் பட்டது. ஹாலஜன் போதவில்லை என்று அவர் சொன்னது உண்மைதான், நான்தான் அனாவசியமாக ஜெனானைக் குறை சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தேன். பல்பில் பதின்மூன்றரை வோல்ட் வருகிறது என்பது எனக்குத் தெரியும். அதில் ரோடு தெரியாமல் போக வாய்ப்பில்லை என்பதும் தெரியும். அன்று காலை டீ குடிக்கும் முன்பே ஜெனானைத் திரும்ப மாட்டி அனுப்பினேன்.

கார்த்திகை மழையில் ஒருநாள் சாயந்தரம் ஆறரை மணிக்கு முன்சீட்டு அக்கா போனில் கூப்பிட்டார். அவர் அன்று லீவு. தங்கை மகளின் மஞ்சள் நீராட்டுக்குப் போயிருந்தார். “அண்ணன் வண்டி ஓடையில எறங்கிடுச்சாம், போ தம்பி, சீக்கிரம் போ” என்றார். நான் பைக்கில் போனபோது மழை விட்டிருந்தது. வண்டி பாலத்துக்கு இடது பக்கம் சரிந்து, முன்சக்கரம் இரண்டும் சேற்றில் நின்றன, என்ஜின் ஓடிக்கொண்டுதான் இருந்தது. பெண்களைக் கரையேற்றி விட்டிருந்தார்கள். இருப்பதிலேயே சின்னப் பெண், இருபத்திரண்டு வயது, வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு அழாமல் உட்கார்ந்திருந்தாள். நான் பழக்க தோஷத்தில் பானெட்டைத் திறந்து மீட்டரை வைத்தேன். பதின்மூன்று புள்ளி எட்டு. விளக்கு இரண்டும் எதிர்க்கரையில் இருந்த புங்கமரத்தில் நேராக விழுந்து, இலையின் நரம்பு எண்ணலாம் என்கிற அளவுக்கு எரிந்துகொண்டிருந்தன. மச்சான் அந்த வெளிச்சத்துக்கு முன்னாலேயே சேற்றில் நின்றிருந்தார். “இன்னா மச்சான் ஆச்சு?” என்றேன். என் குரல் வந்த பக்கம் தலையைத் திருப்பி, என் முகத்துக்குக் கொஞ்சம் தள்ளிப் பார்த்துக்கொண்டு, “லைட்டு கம்மியா இருந்துச்சி மாப்ள” என்றார்.

அங்கேதான் எனக்குப் புரிந்தது. சுவரில் நான் நின்றது, டம்ளர், கம்பம், சைக்கிள் மாடு என்று அக்கா சொல்லிக்கொண்டு வந்தது எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றன. கையிலிருந்த மீட்டரைச் சேற்றில் எறிய வேண்டும் போல இருந்தது. எறியவில்லை, துடைத்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

வேலூரில் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனோம். நான்கு மணி நேரம் விதவிதமான கருவிகளில் முகத்தை வைக்கச் சொன்னார்கள். கடைசியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா எங்களை உட்கார வைத்துப் பேசினார். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, கண்ணிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பு செத்துக்கொண்டிருக்கிறது. ஓரங்களெல்லாம் எப்போதோ போய்விட்டன, நடுவில் ஒரு ஓட்டை அளவுதான் மிச்சம் என்றார். என்ன மருந்து விடுகிறீர்கள் என்று கேட்டார். மச்சான் சட்டைப் பையிலிருந்து அந்த பாட்டிலை எடுத்து மேசையில் வைத்தார். டாக்டரம்மா அதைத் திருப்பித் திருப்பிப் படித்தார். ஸ்டீராய்டு கலந்தது, சில நாள் மட்டும் விட வேண்டிய மருந்து, இதை இத்தனை வருடம் விட்டால் கண்ணில் அழுத்தம் ஏறி இப்படித்தான் ஆகும் என்றார். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் பாதியாவது காப்பாற்றியிருக்கலாம், போனது இனி வராது என்றார். கண் நன்றாக இருக்கிறது, மூளை நன்றாக இருக்கிறது, நடுவில் இருக்கிற ஒயர்தான் போய்விட்டது. இதே வார்த்தையை நான் மச்சானுக்கு வண்டியைத் திறந்து காட்டிச் சொல்லியிருக்கிறேன். அவருக்கும் அது ஞாபகம் வந்திருக்க வேண்டும். “இதுக்கு ரிலே கிலே எதுனா வெக்க முடியாதாம்மா?” என்று டாக்டரம்மாவிடம் கேட்டார். அந்த அம்மாவுக்குக் கேள்வி புரியவில்லை.

வேறு சொட்டு, ஆபரேஷன் எல்லாம் பார்த்தோம். ஒன்றரை வருடத்தில் மிச்சமிருந்த ஓட்டையும் அடைபட்டுவிட்டது. வண்டியைப் புரோக்கரிடம் கொடுத்துவிட்டார்கள். மணிக்கட்டு உடைந்த பெண்ணுக்கு எலும்பு கூடியது, மெஷினில் தோலைத் திருப்பிப் பிடிக்கிற தெம்பு கூடவில்லை. இப்போது வீட்டில் இருக்கிறாள். மற்ற எட்டு பேரில் மூன்று பேர்தான் இன்னும் வேலைக்குப் போகிறார்கள். முன்சீட்டு அக்காவை ஒருமுறை ஆம்பூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். “அன்னிக்கு நான் லீவு போட்டிருக்கக் கூடாது தம்பி” என்றார். லீவு போட்ட நாளைத்தான் அவர் தப்பென்று நினைக்கிறார். லீவு போடாமல் பக்கத்தில் உட்கார்ந்து வந்த நாட்களைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சானின் மனைவி அவரைப் பஸ்ஸில் கூட்டி வந்து என் கடையில் விட்டுவிட்டு மார்க்கெட்டுக்குப் போவார். பெஞ்சில் உட்கார்ந்து வண்டிச் சத்தங்களைக் கேட்டுக்கொண்டிருப்பார். போன மாதம் அப்படி ஒரு சாயந்தரம், திமிரியிலிருந்து ஒருவர் வண்டி கொண்டுவந்தார். கதவை இழுத்துச் சாத்திய சத்தத்திலேயே மச்சான் நிமிர்ந்தார். “என் வண்டி” என்றார். ஆமாம், அதே வண்டிதான். வந்தவருக்கு இது யார் வண்டி என்று தெரியாது. “இந்த வெள்ள லைட்ட கழட்டிடுண்ணா. எதிர்ல வர்றவன்லாம் நிறுத்தி திட்றான். கம்பெனி பல்பு போதும்” என்றார். நான் மேல்தட்டில் கைவிட்டுப் பொட்டலத்தை எடுத்தேன். தோல் காய்ந்து விறைத்திருந்தது. பல்புகள் அன்று வைத்தது போலவே சுத்தமாக இருந்தன.

மாட்டி முடித்து, வண்டியைக் குடோன் சுவருக்கு நேராக நிறுத்தச் சொன்னேன். விளக்கு வைக்கிற நேரம். திமிரிக்காரர் சுவிட்சைப் போட்டார். சுவர் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை இளமஞ்சளாக நிறைந்தது. என் கரிக்குறிகள் இரண்டும், சுண்ணாம்பு பெயர்ந்த இடங்களும், சுவரோரம் படுத்திருந்த நாயும் தெளிவாகத் தெரிந்தன. திமிரிக்காரர் வண்டிக்குள்ளிருந்து என்னைப் பார்த்துக் கட்டை விரலை உயர்த்திச் சிரித்தார்.

“எரியுதா மாப்ள?” என்றார் மச்சான்.

“எரியுது.”

“எப்டி இருக்குது?”

டாக்டரம்மா எல்லாவற்றையும் சொன்ன பிறகும் அவர் ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறார். முதலில் கெட்டது விளக்குதான், கண் அதற்கு அப்புறம்தான் என்று. தெரிந்தே அந்தப் பெண்களை வைத்து ஓட்டவில்லை என்று அவருக்கு அவரே சொல்லிக்கொள்ள அவரிடம் இருப்பது அது ஒன்றுதான். நான் சுவரைப் பார்த்தேன்.

“ரொம்ப கம்மிதான் மச்சான்” என்றேன். “லெப்ட் மூல இருட்டாத்தான் இருக்குது.”

“நான் அன்னிக்கே சொன்னேன்ல?” என்றார். அவர் தோள்கள் தளர்ந்து இறங்கின. சுவர் இருக்கும் திசையில் முகத்தைத் திருப்பினார். பிறகு கையை நீட்டி, கழற்றிய ஜெனான் பல்புகளைக் கேட்டார். கொடுத்தேன். விரலால் மெல்லத் தடவி அடிப்பக்கம் எது என்று கண்டுபிடித்து, கண்ணாடியில் கை படாமல் பிடித்துக்கொண்டு, மடியில் விரித்த அந்தத் தோலில் ஒவ்வொன்றாக வைத்துச் சுற்றினார். ரப்பர் பேண்ட் எங்கே என்று கேட்டார். அதைப் போட்டு என் பக்கம் நீட்டி, “பத்திரமா வை மாப்ள, எப்பனா தேவைப்படும்” என்றார். வாங்கி மேல்தட்டில், அதே டப்பாவுக்குப் பின்னால் வைத்தேன்.